ஒரே வயலுக்கு இரண்டு மழை: காவிரி டெல்டாவை வைத்து வானிலையும் காலநிலையும்

ஜூன் மாதம் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் போனால் வானத்தில் மழைக்கான அறிகுறி பெரிதாக இருக்காது. மேற்குக் காற்று வறண்டு அடிக்கும், கோடையில் வெடித்த வயல் வெடித்தபடியே கிடக்கும். ஆனாலும் விதைநெல், நாற்றங்கால், டிராக்டர் வாடகை என்று ஊரே குறுவைப் (ஜூனில் தொடங்கும் குறுகியகால நெல்) பேச்சில் இருக்கும். டீக்கடையில் முதலில் விசாரிப்பது குடகு மழையைத்தான். அடுத்த கேள்வி, மேட்டூர் எத்தனை அடி.

ஐப்பசி பிறந்ததும் எல்லோரும் கிழக்கே பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். வங்கக்கடலில் தாழ்வு உருவாகிறதா, அது ஆந்திரா பக்கம் ஏறிவிடுமா, நாகப்பட்டினம் துறைமுகத்தில் எத்தனாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று பேச்சு மாறிவிடும்.

நீர், வானிலை, காலநிலை மூன்றும் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்று புரிந்துகொள்ள இதைவிட வசதியான இடம் கிடைப்பது கஷ்டம். டெல்டாவில் ஒரே வயல் இரண்டு மழையில் விளைகிறது. ஒன்று 400 கிலோமீட்டருக்கு அப்பால் மலையில் பெய்து ஆறாக வந்து சேர்வது. இன்னொன்று நேரே தலைமேல் பெய்வது. இரண்டுக்கும் கடல் வேறு, காற்று வேறு, மாதம் வேறு.

ஜூன் 12 என்கிற தேதி

முதலில் வானிலைக்கும் காலநிலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துவிடலாம். இன்று மாலை கும்பகோணத்தில் இடி இடிக்குமா, இந்த வாரம் வெயில் எப்படி என்பதெல்லாம் வானிலை. ஓர் இடத்தில் எந்த மாதம் எவ்வளவு மழை பெய்யும், எவ்வளவு வெயில் அடிக்கும், அது ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு மாறும் என்று பல ஆண்டுக் கணக்கை வைத்துச் சொல்வது காலநிலை. உலக வானிலை அமைப்பு இதற்குப் பொதுவாக 30 ஆண்டுக் கணக்கை எடுத்துக்கொள்கிறது.

மேட்டூர் அணை 1934-இல் பாசனத்துக்கு வந்தது. முழு உயரம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி). டெல்டா பாசனத்துக்காக ஜூன் 12 அன்று திறந்து ஜனவரி 28 அன்று மூடுவது வழக்கம். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்குகிற வழக்கமான நாள் ஜூன் 1. அதையொட்டிக் குடகிலும் வயநாட்டிலும் மழை பிடிக்கும், நீர்வரத்து கூடும், அதை நம்பி அணையைத் திறக்கலாம் என்பதுதான் கணக்கு. ஆக, ஜூன் 12 என்பது காலநிலையை நம்பிக் குறித்த நாள்.

அந்தந்த ஆண்டின் வானிலைக்கு இந்தத் தேதியெல்லாம் தெரியாது. 2022-இல் நீர்வரத்து முன்கூட்டியே நன்றாக இருந்ததால் மே 24 அன்றே அணையைத் திறந்தார்கள். 2024-இல் ஜூன் 12 வந்தபோது அணையில் பாதி உயரத்துக்குக்கூடத் தண்ணீர் இல்லை. ஜூலையில் மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை கொட்டியது. ஜூலை 28 அன்று திறந்தார்கள், இரண்டே நாளில் அணை 120 அடியைத் தொட்டது. இத்தனை வருடமாக வழக்கத்தில் உள்ள தேதி ஒன்றரை மாதம் தள்ளிப்போனதற்குக் காரணம் அந்த ஆண்டின் வானிலை. அதனால் மட்டும் காலநிலை மாறிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. அதற்குப் பல ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

செய்தியில் வரும் எண்களைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு. வினாடிக்கு சுமார் 11,500 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஏறக்குறைய 1 டி.எம்.சி. ஆகும். ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை 230 நாள். அணை நிரம்பி இருந்து, மேற்கொண்டு ஒரு சொட்டும் வரவில்லை என்று வைத்துக்கொண்டால், அத்தனை நாளுக்கும் பிரித்துக் கொடுக்க நாளொன்றுக்கு 0.4 டி.எம்.சி.தான் கிடைக்கும். நடவு நேரத்துத் தேவைக்கு முன் இது ரொம்பக் குறைவு. மேட்டூர் நிரம்பிவிட்டது என்ற செய்தியைப் பார்த்ததும் இந்த ஆண்டு கவலை இல்லை என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அணை நிரம்பினாலும் மேலே மழை தொடர வேண்டும், அப்புறம் ஐப்பசி கார்த்திகையில் இங்கேயும் பெய்ய வேண்டும்.

குடகில் கொட்டுகிறது, இங்கே காய்கிறது

காவிரி தோன்றும் தலைக்காவிரி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலிலிருந்து ஈரம் சுமந்து வரும் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலே ஏறியாக வேண்டும். உயரே போகப்போகக் காற்றின் அழுத்தம் குறையும், காற்று விரியும், விரிவதால் குளிரும். குளிர்ந்த காற்றில் அவ்வளவு நீராவி தங்காது. தங்காத நீராவி துளிகளாகி மழையாக விழுகிறது. பாகமண்டலா பக்கம் ஓர் ஆண்டில் 5,000 மில்லிமீட்டரைத் தாண்டிப் பெய்வது சகஜம்.

அதே காற்று மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது எல்லாம் தலைகீழ். இறங்கும் காற்று அழுத்தப்படும், சூடாகும், வறண்டுபோகும். ஏற்கெனவே ஈரத்தின் பெரும்பகுதியை மலையில் விட்டுவிட்டு வந்த காற்று வேறு. டெல்டாவுக்கு ஆனி ஆடியில் வந்து சேர்வது இந்தக் காற்றுதான். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோமே, அந்தக் காற்று அங்கே மழையைக் கொட்டிவிட்டு இங்கே புழுதியைக் கிளப்புகிறது. மலைக்குப் பின்னால் இப்படி வறண்டுபோகும் பகுதியை மழை மறைவுப் பகுதி என்பார்கள்.

அதற்காக இந்த மாதங்களில் டெல்டாவில் மழையே பெய்யாது என்றில்லை. பகல் வெயிலில் தரை சூடாகி, மாலையில் கடல்காற்று உள்ளே நுழையும்போது இரண்டு காற்றும் சந்திக்கிற இடத்தில் மேகம் திரண்டு இடியோடு ஒரு மணி நேரம் அடித்துப் பெய்யும். பக்கத்து ஊரில் தூசி பறந்துகொண்டிருக்கும். நாற்றங்காலுக்கு உதவுகிற மழைதான், ஆனால் இதை நம்பி யாரும் நடவு வைத்துக்கொள்வதில்லை.

மலையில் பெய்தது கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகளைக் கடந்து, மாநில எல்லையில் நீரை அளக்கும் பிலிகுண்டுலு வழியாக மேட்டூர் வந்து, அங்கிருந்து முக்கொம்பு, கல்லணை என்று வருகிறது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாளாவது ஆகும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, பிறகு குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, கோரையாறு என்று கிளைத்து, வாய்க்கால் முடிகிற கடைமடை வயலின் மடைவாய்க்கு வர இன்னும் எத்தனையோ நாள். வானிலை ஓரிடத்தில் நடக்கிறது, அதன் பலன் வேறிடத்தில் வாரக்கணக்கில் தாமதித்துக் கிடைக்கிறது. ஆற்றுப் பாசனம் என்றாலே இந்தத் தாமதமும் சேர்ந்ததுதான். அணை என்பது அந்தத் தாமதத்தை நாமே வேண்டுமென்று நீட்டிக்கொள்ளும் ஏற்பாடு. மேட்டூர் அணை வருவதற்கு முன் 1924 ஜூலையில் மேலே பெய்த பேய்மழை அப்படியே டெல்டாவில் வெள்ளமாக இறங்கியதைப் பழைய ஆவணங்களில் பார்க்கலாம்.

கொண்டல் கொண்டுவரும் மழை

அக்டோபரில் காற்று திரும்புகிறது. கோடையில் சூடேறிக் கிடந்த ஆசிய நிலப்பரப்பு குளிரத் தொடங்கும். தண்ணீர் மெதுவாகத்தான் சூடாகும், மெதுவாகத்தான் ஆறும், அதனால் கடல் இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கும். குளிர்ந்த நிலத்தின் மேல் காற்றழுத்தம் கூடி, காற்று வடகிழக்கிலிருந்து கடலை நோக்கி ஓட ஆரம்பிக்கும். கொண்டல் என்கிற இந்தக் காற்று வங்கக்கடலைக் கடந்து வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு நம் கரையில் ஏறுகிறது.

இங்கே நின்று பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கடல்நீர் ஆவியாகும்போது ஏராளமான வெப்பத்தை விழுங்கிக்கொள்கிறது. ஒரு கிராம் நீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க 100 கலோரி போதும். அதே ஒரு கிராம் ஆவியாக 500 கலோரிக்கும் மேல் தேவை. அந்த வெப்பம் காணாமல் போய்விடுவதில்லை. நீராவிக்குள் ஒளிந்திருந்து, மேலே போய் நீராவி மறுபடி துளியாகும்போது வெளியே வருகிறது. அப்படி வந்த வெப்பம் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்கி மேலும் உயர்த்துகிறது. கீழே அழுத்தம் குறைகிறது, கடலிலிருந்து இன்னும் ஈரக்காற்று உள்ளே பாய்கிறது. காற்றழுத்தத் தாழ்வு மண்டலமும் புயலும் ஓடுவது இந்தச் சரக்கில்தான். புயல் என்றால் பலர் காற்று என்று மட்டும் நினைக்கிறார்கள். உள்ளே பார்த்தால் அது தண்ணீர் ஆவியாகி மறுபடி தண்ணீராவதில் ஓடுகிற ஓர் இயந்திரம். கடல் மேற்பரப்பு சுமார் 26.5 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் புயல் வலுப்பெறும் என்பது பொதுக் கணக்கு. அக்டோபர், நவம்பரில் வங்கக்கடலுக்கு அது பெரிய விஷயமே இல்லை. தரையைத் தொட்டதும் ஈர வரத்து அறுந்து புயல் தளர்வதும் இதனால்தான்.

வடகிழக்குப் பருவமழை தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெய்து தீர்வதில்லை. தமிழ்நாட்டின் சராசரி அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று மாதத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய 44 சென்டிமீட்டர். பெரும்பகுதி சில தாழ்வுநிலைகளில், சில நாட்களில் வந்துவிடும். 2008 நவம்பர் இறுதியில் நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் சுமார் 65 சென்டிமீட்டர் பெய்தது. 2022 நவம்பர் இரண்டாம் வாரத்தில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர். அதாவது மாநிலம் ஒரு பருவம் முழுக்க வாங்குகிற மழையை ஓர் ஊர் ஒரு ராத்திரியில் வாங்கிவிடுகிறது. சராசரி என்கிற எண் இந்த இடத்தில் ரொம்பவே ஏமாற்றும்.

வடியாத தண்ணீர்

பெய்தது வடிய வேண்டும். இங்கேதான் நிலத்தின் அமைப்பு வானிலையோடு மோதுகிறது. டெல்டா என்பதே ஆறு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கொண்டுவந்து பரப்பிய வண்டல். அதனால் தாம்பாளத்தட்டு மாதிரி தட்டையாக இருக்கிறது. கும்பகோணம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 25 மீட்டர் உயரம். நேர்க்கோட்டில் கடல் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு அரை மீட்டர் சரிவு, கடற்கரையை நெருங்க நெருங்க அதுவும் இல்லை.

பாசனத்துக்கு ஓடுகிற பல ஆறுகளே வடிகாலாகவும் வேலை செய்கின்றன. ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்தால் போச்சு. அதையும் மீறி முகத்துவாரம் வரை போன தண்ணீர், கரையை நோக்கி அடிக்கும் காற்றில் கடல் ஏறி நிற்கும்போது உள்ளே போக முடியாமல் தேங்கும். மழையைக் கொட்டுகிற அதே தாழ்வுநிலைதான் கடலையும் ஏற்றி வடிகாலை அடைக்கிறது. தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் மழை நின்று இரண்டு நாள் கழித்தும் வயலில் முழங்கால் தண்ணீர் நிற்பது இதனால்தான். தையில் அறுக்கிற சம்பா நெல்லின் இளம் நாற்று ஒரு வாரம் மூழ்கிக் கிடந்தால் அழுகிவிடும்.

2018 இந்த எல்லாவற்றுக்கும் ஒரே ஆண்டில் பாடம் எடுத்தது. ஜூலையில் மேட்டூர் நிரம்பியது. ஆகஸ்ட்டில் குடகில் பெருவெள்ளம். உபரி நீர் கொள்ளிடத்தில் பாய்ந்து கடலுக்குப் போனது. ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் 1836-இல் கட்டிய மேலணையின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அதே நேரத்தில் கடைமடையில் தண்ணீர் வரவில்லை என்று விவசாயிகள் போராடிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னந்தோப்புகள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. அந்த ஆண்டு டெல்டாவுக்குத் தண்ணீர் குறைவு என்று யாராலும் சொல்ல முடியாது. வந்த நேரமும் வந்த வழியும்தான் பிரச்சினை.

பசிபிக் பெருங்கடலுக்கும் மன்னார்குடிக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் உண்டு. சில ஆண்டுகளில் பசிபிக் பெருங்கடலின் நடுவிலும் கிழக்கிலும் கடல் மேற்பரப்பு வழக்கத்தைவிடச் சூடாகும். இதை எல் நினோ என்கிறார்கள். மேகம் திரளும் இடமே கிழக்கே நகர்ந்துபோகும், இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் தளரும். வடகிழக்குப் பருவமழைக்கோ, எல் நினோ பெரும்பாலும் சாதகமாகவே இருக்கும். எதிர்நிலையான லா நினாவில் இந்தப் போக்கு மாறும். டெல்டாவைப் பொறுத்தவரை இது ஓரளவு நல்ல ஏற்பாடு. ஒரு மழை கைவிடும்போது மற்றொன்று கைகொடுக்க வாய்ப்பு இருக்கிறது.

2015-இல் வலுவான எல் நினோ. தென்மேற்கு ஏமாற்றியது, வடகிழக்கு கொட்டித் தீர்த்தது. சென்னை வெள்ளம் அந்த ஆண்டு டிசம்பரில்தான். 2023-இலும் எல் நினோ. ஆகஸ்ட்டில் காவிரி நீர்ப்பிடிப்புப் பகுதியில் மழை பொய்த்து, ஜூன் 12 அன்று திறந்த மேட்டூரை அக்டோபரிலேயே மூட வேண்டி வந்தது. வடகிழக்கு அந்த ஆண்டு இயல்பை ஒட்டி இருந்தது.

ஆனால் இது போக்குதான், வாக்குறுதி கிடையாது. 2016-ஐப் பாருங்கள். தென்மேற்கு காவிரிப் பகுதியில் சரியாகப் பெய்யவில்லை, மேட்டூரைத் திறக்கச் செப்டம்பர் ஆகிவிட்டது. சரி, வடகிழக்காவது காப்பாற்றும் என்று நம்பிச் சம்பாவை விதைத்தார்கள். அதுவும் தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. இரண்டு மழையும் ஒரே ஆண்டில் கைவிட்டால் டெல்டா என்ன ஆகும் என்று பார்த்த தலைமுறை நாம்.

அடியில் நடப்பது

மேலே பெய்வதும் ஓடுவதும் கண்ணுக்குத் தெரிகிறது. மண்ணுக்கடியில் நன்னீரும் கடல்நீரும் தள்ளிக்கொள்வது தெரிவதில்லை. கடலோர மணலில் நன்னீர் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது, ஏனென்றால் உப்புநீர் சற்று கனமானது. அந்த எடை வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் போட்டால், கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். கணக்கை அப்படியே திருப்பிப் போடுங்கள். மோட்டார் போட்டு நீர்மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால், அடியிலிருந்து உப்புநீர் 40 மீட்டர் ஏற வழி கிடைக்கிறது. மழை குறைந்த ஆண்டில் ஆற்றில் வரத்தும் இல்லை, ஆகவே போர் தண்ணீரை அதிகம் இறைக்கிறோம். மேலிருந்து ஊறுவதும் குறைவு, கீழிருந்து எடுப்பதும் அதிகம். உப்பு உள்ளே வருவது அப்போதுதான், ஒருமுறை வந்தால் அடுத்த ஆண்டு நல்ல மழை பெய்தும் சீக்கிரம் போகாது.

பூமி சூடாவது இந்த எல்லாக் கண்ணிகளையும் தொடுகிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் பெய்கிற நாளில் கூடுதலாகப் பெய்யும் வாய்ப்பு, பெய்யாத நாளில் மண்ணும் பயிரும் வேகமாகக் காயும் வாய்ப்பு, இரண்டுமே கூடுகின்றன. கடல்மட்டம் உயர்கிறது. வண்டலோ அணைகளில் தங்கிவிடுவதால் கரைக்கு முன்போல வந்து சேர்வதில்லை. தட்டையான நிலத்துக்கு இது இரண்டு பக்க அடி.

அறிக்கை படிக்கும்போது

வானிலை ஆய்வு மையம் மழை இயல்பு என்று சொன்னால் சராசரியைவிட 19 சதவீதம் கூடியோ குறைந்தோ இருக்கலாம் என்று பொருள். 20 முதல் 59 சதவீதம் வரை குறைந்தால் பற்றாக்குறை, 60-ஐத் தொட்டாலே பெரும் பற்றாக்குறை. மாவட்டத்துக்கு இயல்பு என்று போட்டிருந்தாலும் அது எத்தனை நாளில் பெய்தது என்று கூடவே பாருங்கள்.

இன்னொன்று, அறிக்கைக்கும் வயலுக்கும் நாள்காட்டி வேறு. அறிக்கையில் வடகிழக்குப் பருவம் அக்டோபர் 1-இல் தொடங்கி டிசம்பர் 31-இல் முடிந்துவிடும். சம்பா அறுவடை தை மாதம். 2021 ஜனவரியில் டெல்டாவில் கனமழை பெய்து அறுவடைக்கு நின்ற கதிர் சாய்ந்து முளைவிட்டது. கணக்குப்படி அந்த மழை வடகிழக்குப் பருவத்தில் சேராது, ஜனவரி பிப்ரவரிக்கான குளிர்காலக் கணக்கில் போய்விடும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்திலோ ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி. மழை விட்டாலும் ஈர மண்ணும் தெளிந்த வானமும் சேர்ந்தால் இரவில் பனி இறங்கும், குவித்த நெல் காலை ஒன்பது பத்து மணி வரை ஈரம் விடாது. அந்த நேரத்தில் விவசாயிக்குத் தேவைப்படும் முன்னறிவிப்பு, அடுத்த மூன்று நாள் பகலில் வெயில் எத்தனை மணி நேரம் அடிக்கும் என்பதுதான்.